ஆனையிறவில் ஒரு நரம்பிசை மாலை

ஓர் இசைக்கருவியின் பெயரைத் தன் பெயராகப் பூண்ட நாடு யாழ்ப்பாணம். கண்ணொளி இழந்த பாணன் ஒருவன் யாழ் மீட்டிப் பாடி, மன்னனை மகிழ்வித்து, மணற்றிடரைப் பரிசிலாகப் பெற்றான் என்னும் கதையை நம்முள் அறியாதார் இலர். வரலாற்றறிஞர் அக்கதையை ஐயுறுவர். ஐயுறினும் ஆகுக, நரம்புக் கருவியை மீட்டத் தெரிந்தவனுக்கு ஒரு நாட்டையே கொடுக்கலாம் என்று நம் முன்னோர் கருதினர் என்பதற்கு அக்கதையே சான்றாகும். அந்நாட்டின் தலைவாயிலாய் இருப்பது எமது ஆனையிறவு. வன்னிக் காட்டிற் பிடித்த யானைகளை ஊர்காவற்றுறைக்குக் கொண்டு சென்று கப்பலேற்றிய காலத்தில் அவை கடந்து சென்ற துறை இது. ஒல்லாந்தர் ஈண்டு ஒரு கோட்டை அமைத்தனர். பின்னர்ப் புகைவண்டி நிலையமும் உப்பளமும் வந்தன. அவற்றின் பின் வந்தவற்றை இம்மலரைப் படிப்போர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய ஊரில், கிற்றார் என்னும் மேனாட்டு நரம்புக் கருவியைப் பற்றி இசைக் கலைஞர் ஐவர் உரையாடிய ஒரு மாலைப்பொழுதையே ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழாசிரியருக்குக் கிற்றாரோடு என்ன உறவு என்று பழைய மாணவர் சிலர் நகைப்பர். நகைக்கட்டும். யாம் இசையில் வல்லேம் அல்லேம். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழைக் கையிற் பெற்ற நாள் முதலாகப் பாட்டின் சொல்லையும் பொருளையுமே கற்பித்து வருகின்றோம்; பாட்டின் நரம்பைத் தொட்டறியோம். எனினும், அன்று கேட்டவை எமது கல்லூரி விரைவில் எடுக்கவேண்டிய ஒரு முடிவையும் தொட்டு நின்றன. ஆதலின், அவற்றை எமக்குள்ளே வைத்துக்கொள்ளுதல் தகாது எனத் துணிந்தோம்.

அம்முடிவு யாதெனின், கடல் கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் விழா நினைவாகக் கல்லூரிக்குக் கிற்றார்கள் சிலவற்றை அன்பளிப்புச் செய்ய முன்வந்துள்ளனர். வேறு சிலர், "இந்துக் கல்லூரிக்கு இது தகுமோ? அப்பணத்துக்கு வீணை வாங்கலாகாதோ?" என வினவுகின்றனர். இரு சாராரும் கல்லூரியின்பால் அன்புடையவரே. இருவர்க்கும் விடையாக எமது கருத்தைக் கூறுமுன், அம்மாலையிற் கேட்டதைக் கூறுதல் முறையாகும்.

சென்ற ஆடி மாதத்தில் விழா இசைநிகழ்ச்சியின் ஒத்திகைக்காகக் கலைஞர் சிலர் வெளியூர்களிலிருந்து வந்திருந்தனர். உப்பளத்துக்கு அணித்தாயுள்ள ஒரு பழைய மாணவரின் இல்லத்து முற்றத்தில் ஒத்திகை நிகழ்ந்துகொண்டிருந்தது. பொழுது சாயும் வேளையில் மின்சாரம் நின்றது. ஒலிபெருக்கிகள் ஊமையாயின. சோளகக் காற்று முற்றத்து மணலை வாரி இறைத்தது. தேநீர் வந்தது, பேச்சும் வந்தது. கலைஞர் பேச்சு கலைஞரைப் பற்றியே ஆகும். அவர் பெரியவர், இவர் பெரியவர் என்று இளையோர் இருவர் வாதிடத் தொடங்க, அங்கிருந்த முதியவர் கையை உயர்த்தி அவர்களை அடக்கினார். அவர் 1970களில் யாழ்ப்பாணத்து இசைக்குழுக்களிற் கிற்றார் வாசித்தவர்.

"பெரிய ஆள் ஆரெண்டு நான் கேக்கேல்லை, தம்பிமார். அதுக்கு முடிவு கிடையாது. உங்களுக்குப் பிடிச்ச ஆள் ஆர், ஏன் பிடிச்சது? ஆளுக்கொரு பேர் சொல்லுங்கோ. ஒண்டுக்கு மேலை சொல்லப்படாது."

கேள்வி சிறிது, ஆயினும் நுட்பமுடையது. பெரியவர் எவர் என்னும் வினாவுக்கு நூலைப் பார்த்து விடை கூறலாம். பிடித்தவர் எவர் என்னும் வினாவுக்குத் தன் நெஞ்சைப் பார்த்தே விடை கூறல் வேண்டும்.

முதற்கண் முதியவரே தொடங்கினார். அவர் கூறிய பெயர் நித்தி கனகரத்தினம். 1960களின் பிற்பகுதியிற் கிற்றாரைக் கையிலெடுத்து, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலேயே பாட்டுக் கட்டிப் பாடி, ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசைக்கு வழி திறந்தவர் அவர். சின்னமாமியை விளித்து அவர் பாடிய பாட்டு இலங்கை வானொலியில் ஒலித்த நாட்களில், அதனை முணுமுணுக்காத வாய் இல்லை என்பர். கள்ளுண்ணாமையைத் திருவள்ளுவர் ஓர் அதிகாரத்தில் உரைத்தார். அதனையே நகைச்சுவையோடு ஒரு பாட்டில் உரைத்து ஊரைச் சிரிக்க வைத்தவரும் இவரே. "கைவேகத்திலை அவரை வெல்ல எத்தனையோ பேர் இருக்கினம்" என்றார் முதியவர். "ஆனால் மூண்டு கோட்டும் எங்கடை வாயிலை இருக்கிற தமிழும் போதும், ஒரு பாட்டு வாழும் எண்டு எனக்குக் காட்டினது அந்த மனிசன்." கலைஞர் கோட் என வழங்குவது, பல சுரங்களை ஒருங்கே ஒலிப்பிக்கும் சுரக்கூட்டினை. தென்னிலங்கையில் வழங்கும் பைலாப் பாட்டும் பெரும்பாலும் அத்தகைய இரண்டு மூன்று கூட்டுகளிலேயே நடக்கும். போர்த்துக்கேயர் காலத்துத் தொடர்பால் இந்நாட்டில் வேரூன்றிய இசை அது. கிற்றாரை நேற்று வந்த விருந்தாளி என எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

அடுத்து, மன்னாரிலிருந்து வந்த இளைஞர் பேசினார். தேவாலயப் பாடகர் குழுவிற் கிற்றார் பழகியவர் அவர். 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர் வழிபாடு தாய்மொழியில் நிகழலாயிற்று; அக்காலத்திலேயே பல தேவாலயங்களிற் கிற்றாரும் பாட்டோடு சேர்ந்துகொண்டது. அவர் சொன்ன பெயர் பி. பி. கிங். அமெரிக்க நாட்டின் மிசிசிப்பியிற் பருத்திக் காட்டிற் கூலிவேலை செய்து வளர்ந்த கறுப்பினக் கலைஞர் அவர்; 1925 இற் பிறந்து 2015 இல் மறைந்தவர். 1949 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், ஆர்க்கன்சோவிலுள்ள ஒரு சிற்றூரின் ஆடற்கூடத்தில் அவர் வாசித்துக்கொண்டிருந்தபொழுது, இருவர் தம்முட் பொருதனர். சூடேற்றுவதற்கு மூட்டி வைத்த எண்ணெய்ப் பீப்பா கவிழ்ந்து கூடம் தீப்பற்றியது. எல்லோரும் வெளியே ஓடினர். கிங் என்பவரோ, உள்ளே விட்டுவந்த தம் கிற்றாரை எடுப்பதற்காகத் தீயினுள் மீளவும் ஓடினார். சண்டை லூசில் என்னும் பெண்ணை முன்னிட்டு எழுந்தது என அறிந்து, அத்தகைய மடமையை இனி ஒருபோதும் செய்யலாகாது என்பதற்காகவே தம் கிற்றார்களுக்கெல்லாம் அப்பெயரையே சூட்டினார்.

கதையைக் கேட்டு யாவரும் சிரித்தனர். ஆயினும் இளைஞர் அவரை விரும்பியது அக்கதைக்காக அன்று. "ஒரு சுரத்தைத் தொட்டிட்டு அடுத்ததுக்கு அவசரப்படாத ஆள்" என்றார். பாடும்பொழுது அவர் மீட்டமாட்டார், மீட்டும்பொழுது பாடமாட்டார். குரல் ஓய்ந்த இடத்திற் கிற்றார் விடை கூறும். சொல்லைச் சுருக்கிப் பொருளைப் பெருக்குதல் புலவர்க்கு மட்டுமே உரியதன்று என்பதை யாம் அப்போது உணர்ந்தோம்.

மூன்றாவதாகப் பேசியவர் சங்கீத ஆசிரியை ஒருவர். மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைப் பீடத்திற் பயின்றவர். வீணையும் வயலினும் அறிந்தவர். அவர் கிற்றாரைப் பற்றி என்ன கூறுவார் என்று இளையோர் சிலர் புன்முறுவலோடு நோக்கினர். அவர் தயங்காது, "ஜோன் மக்லாக்லின்" என்றார். இங்கிலாந்திற் பிறந்த இக்கலைஞர் அமெரிக்காவிற் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். வீணையில் நரம்பை மெட்டின்மேல் இழுத்துக் கமகம் பிறப்பிப்பர். கிற்றாரில் நரம்பு பலகையோடு ஒட்டிக் கிடத்தலால் அது எளிதன்று. ஆதலின், மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழியச் சீவிய ஒரு கிற்றாரை இவர் செய்வித்துக்கொண்டார். விரல் கீழே மரத்திற் படாது நரம்பை வேண்டியவாறு வளைக்க அது இடம் தந்தது. 1970களின் நடுவில் இவர் சக்தி என்னும் குழுவைத் தொடங்கினார். வயலினுக்கு எல். சங்கர், தபலாவுக்கு சாகிர் உசேன், கடத்துக்கு விக்கு விநாயகராம் எனப் பெருங் கலைஞர் அதிற் கூடினர். அக்குழு பல மாற்றங்களோடு நெடுங்காலம் வாழ்ந்து, 2024 ஆம் ஆண்டிற் கிராமி விருதும் பெற்றது.

"இதிலை எங்கடை ஊருக்கு ஒரு பங்கு இருக்குது, மாஸ்ரர்" என்று ஆசிரியை எம்மை நோக்கிக் கூறினார். எல். சங்கரின் தந்தையார் வி. இலட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசைப் பேராசிரியராய் இருந்தவர். எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் என்னும் மைந்தர் மூவரும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, தந்தையிடமே வில் பிடிக்கக் கற்றவர்கள். 1958 ஆம் ஆண்டின் வன்செயல்களின் பின் அக்குடும்பம் தமிழகம் சென்றது. "கலவரம் வந்திராட்டி அந்த வயலின் இஞ்சையே இருந்திருக்கும். போனபடியால் உலகம் கேட்டுது எண்டு ஆறுதல் சொல்லலாம். எனக்கு அந்த ஆறுதல் பிடிக்கேல்லை. ஆனால் அந்தக் கிற்றார் பிடிக்கும். எங்கடை வீணையிட்டைக் குனிஞ்சு கேட்டுப் படிச்ச கிற்றார் அது." இவ்வாறு கூறி அவர் தேநீரை அருந்தினார். புன்முறுவல் செய்தோர் பின்னர் அவ்வாறு செய்திலர்.

நான்காவது இளைஞர் கனடாவில் வளர்ந்தவர். எமது கல்லூரிப் பழைய மாணவர் ஒருவரின் மைந்தர். பண்பும் அடக்கமும் உடையவர். அவர் பெயர் கூறுமுன், முற்றத்தின் ஓரத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிமேல் அமர்ந்திருந்த ஒருவரை ஒருமுறை நோக்கினார். அங்கிருந்தவர் எம்மோடு ஒரே வகுப்பிற் படித்த நண்பர். உப்பளத்தில் வேலை செய்பவர். அன்று பெட்டிகளை ஏற்றியிறக்க உதவிக்கு வந்திருந்தார். 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் அவரது இடக்கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயின. அவரும் கிற்றார் வாசிப்பவர் என்பதை இளைஞர் எவரிடமோ கேட்டறிந்திருந்தார்.

"ஜாங்கோ ரைன்ஹார்ட்" என்றார் இளைஞர். அவர் கூறிய வரலாறு இது: 1910 இற் பெல்ஜியம் நாட்டிற் பிறந்த ஜாங்கோ, ஊர் ஊராய் வண்டிகளில் அலையும் ரோமா இனத்தவர். 1928 ஆம் ஆண்டில் அவர் வாழ்ந்த வண்டி தீப்பற்றியது. இடக்கையில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் தீயாற் சுருங்கி, மெட்டின்மேல் ஓடும் வலிமையை இழந்தன. மருத்துவர் கைவிட்டபோதும் அவர் கிற்றாரைக் கைவிட்டிலர். எஞ்சிய இரு விரல்களால் ஒரு புதிய முறையை ஆக்கிக்கொண்டு, 1934 இற் பாரிசு நகரில் வயலின் கலைஞர் கிரப்பெல்லியோடு ஒரு குழுவை அமைத்தார். 1953 இல் மறையும்வரை, ஐரோப்பாவின் ஜாஸ் இசையில் அவரை ஒப்பார் இலராயினர். இளைஞர் இதனைப் பெட்டிமேல் இருந்தவருக்கே கூறினார் என்பது எல்லோர்க்கும் விளங்கியது. அன்பினாற் கூறினார்; அதில் ஐயமில்லை.

நண்பர் சிரித்தார். "தம்பி, நீர் நல்ல மனசோடை சொல்லுறீர். குறை நினைக்காதையும். கை போன நாள் தொடக்கம் கிற்றார் தெரிஞ்ச எல்லாரும் எனக்கு அந்த மனிசனைத்தான் கொண்டுவந்து தருகினம். பெரிய கலைஞர்தான், கேட்டிருக்கிறன். ஆனால் மாமா கேட்டது பிடிச்ச ஆளை. என்ரை ஆள் வேறை."

முற்றம் அமைதியாயிற்று. "ஆர் அது?" என்றார் முதியவர்.

"ஆர். சந்திரசேகரன். இளையராஜாவின்ரை பாட்டுகளுக்கு வாசிச்சவர். அவருக்குப் பத்து விரலும் இருந்தது."

1982 ஆம் ஆண்டில் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' என்னும் படத்தில், நிலவைப் பாடும் ஒரு பாட்டு உண்டு. தமிழ் கேட்கும் நாடுகளிலெல்லாம் இன்றும் அதனைக் கேட்கலாம். பாட்டின் தொடக்கத்திலும் இடையிலும் கிற்றார் தனித்து நின்று ஓடும். அவ்விரல்கள் சந்திரசேகரனுடையவை. ஆனால், எம் நண்பர் அப்பெயரை அறிந்தது நெடுங்காலம் கழித்தே. அதனை அவர் விளக்கியபொழுது, எம் நினைவும் அவரோடு சென்றது. ஏனெனில் அக்கதையில் யாமும் இருந்தோம்.

1990களின் வன்னியை இன்றைய மாணவர் அறியார். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினாற் பற்றரி இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, தைனமோவிற் பிறக்கும் சிறு மின்னாற் றேடியோவும் ஒலிநாடாப் பெட்டியும் கேட்போம். றேடியோவாயின் சுழற்றுபவன் களைத்தால் ஒலி மங்கும். ஒலிநாடாவாயின் சுருதியே இறங்கும். கை மாறி வேகமாய்ச் சுழற்றினாற் சுருதி ஏறும். நிலாப் பாட்டின் கிற்றாரை நண்பர் அவ்வாறே நூறு முறை கேட்டார். கேட்கும் பொருட்டு யாம் சுழற்றினோம். அப்பாட்டின் உண்மையான சுருதி யாது என்பதில் எமக்குள் நெடுநாள் வழக்கு நடந்தது. வாசித்துப் பார்க்க ஒரு பழைய கிற்றார் கிடைத்தது; தந்தி கிடைக்கவில்லை. சைக்கிள் பிறேக் கம்பியைப் பிரித்து, அதன் இழைகளைத் தந்தியாக முறுக்கினார். விரல்நுனி வெடித்தது, பாட்டு ஒருவாறு வந்தது. ஒலிநாடாவின் உறையிற் பாடியவர் பெயர் உண்டு. இசையமைத்தவர் பெயர் உண்டு. பாட்டெழுதியவர் பெயரும் உண்டு. கிற்றார் வாசித்தவர் பெயர் இல்லை. ஆசிரியர் பெயரைத் தெரியாமலே அவர் மாணவராயினார்.

2009 இன் பின், அவர் கிற்றாரைத் தொடாமல் இரண்டு ஆண்டுகள் இருந்தார். பின்னர் ஒருநாள் கருவியைத் திருப்பிப் பிடித்தார். தந்திகளை மறுதலையாக மாற்றிப் பூட்டினார். வலக்கை மெட்டின்மேல் ஓடவும், இடக்கையில் எஞ்சிய விரல்கள் மீட்டவும் பழக்கினார். இருபது ஆண்டுப் பழக்கத்தைக் கை மாற்றுதல் எழுத்தறிந்தவன் அரிவரியிலிருந்து மீண்டும் தொடங்குதல் போன்றது. அக்காலத்தில் ஒருநாள், கைப்பேசியிற் பாட்டைத் தேடியபோது, வாசித்தவர் பெயர் அதன்கீழ் எழுதப்பட்டிருந்தது. "கன வருசம் ஒருத்தரைக் கும்பிட்டுப்போட்டு, பிறகு பேர் தெரிஞ்சால் எப்பிடி இருக்கும்? அதுதான் ஒரு பேரெண்டு கேட்டால் நான் அந்தப் பேரைச் சொல்லுறன். ஜாங்கோவின்ரை காயத்துக்கும் என்ரை காயத்துக்கும் பொருத்தம் பாக்கலாம். ஆனால் நான் காயத்தைக் கேக்கேல்லை, பாட்டைத்தான் கேட்டனான்."

கனடா இளைஞர் எழுந்து தம் கிற்றாரை அவரிடம் நீட்டினார். அது வலக்கையாளர்க்கு உரிய முறையிலே தந்தி பூட்டியது. திருப்பிப் பிடித்தால் எல்லாம் தலைகீழாகும். நண்பர் தம் வீட்டுக்குச் சைக்கிளில் ஒரு சிறுவனை அனுப்பித் தம் கருவியை வருவித்தார். அரிக்கன் விளக்கு வந்தது. நிலாப் பாட்டின் தொடக்கத்தை அவர் வாசித்தார். இரண்டு இடங்களிற் சுரம் தவறியது. முதலாவதை அவரே நிறுத்தித் திருத்திக்கொண்டார். இரண்டாவதில் ஆசிரியை குறுக்கிட்டு, "அந்த இடத்திலை அமத்தினால் காணாது, கொஞ்சம் மேலை இழுக்க வேணும்" என்றார். நண்பர் இழுத்தார். சரியாயிற்று. "இப்ப சரி" என்று ஆசிரியை கூறினார், வேறொன்றும் கூறவில்லை. எவரும் கண்ணீர் உகுக்கவில்லை. எவரும் இரக்கத்தாற் கை தட்டவில்லை. அன்று அவருக்குக் கிடைத்த மதிப்புகளுள் அத்திருத்தமே தலையாயது என்பது எமது எண்ணம். வருந்தியவரைப் போற்றுவோர் பலர். கலைஞராக எண்ணிப் பிழை திருத்துவோர் சிலரே.

இவற்றையெல்லாம் கேட்டிருந்த எமக்கு வகுப்பிற் கற்பிக்கும் ஆற்றுப்படை நினைவுக்கு வந்தது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் அத்துறையைச் சார்ந்தவை. அவற்றுள் பொருநரும் பாணரும் கூத்தரும் வருகின்ற பாட்டுகளில், வள்ளலைக் கண்டு பரிசில் பெற்று மீள்கின்ற கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனைத் தடுத்து நிறுத்தி, "இவ்வழியே செல், இன்னானைக் காண், நீயும் பெறுவாய்" என்று கூறுவான். தான் பெற்ற செல்வத்தை மறைத்து வைத்தல் அவன் இயல்பன்று. எமது முற்றத்தில் நிகழ்ந்ததும் அதுவே. அவர்கள் பெற்ற பரிசில் பொன்னும் யானையும் அல்ல. காதினாற் பெற்ற செல்வம். யான் இவரிடம் பெற்றேன், நீயும் சென்று கேள் என்று ஒருவர் மற்றொருவரை ஆற்றுப்படுத்தினர். அங்ஙனம் ஆற்றுப்படுத்தற்குப் பெயர் தெரிதல் வேண்டும். சங்கப் புலவர் வள்ளலின் பெயரையும் ஊரையும் அவன் நாட்டுக்குச் செல்லும் வழியையும் விடாது கூறியது அதற்காகவே. பாட்டைக் கேட்டு வாசித்தவர் பெயரை மறக்கின்ற நாம், வழியைச் சொல்லி ஊரை மறைக்கின்றோம்.

இனிக் கல்லூரியின் வினாவுக்கு வருவோம். கிற்றார் அயல்நாட்டுக் கருவி என்பது மெய். வயலினும் அவ்வாறே வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர், ஐரோப்பியரிடம் அதனைக் கற்றுக் கருநாடக இசைக்கு இணக்கினார். இன்று வயலின் இன்றிக் கச்சேரி இல்லை. அதனை அயற்கருவி என்பாரும் இல்லை. மாண்டலினை யு. சிறீநிவாஸ் சிறுவயதிலேயே மேடையேற்றியபோது ஐயுற்றோர் இருந்தனர். 2014 இல் அவர் தம் நாற்பத்தைந்தாம் வயதில் மறைந்தபோது அழாதோர் இலர். கிற்றாரிலும் கருநாடக இசையை முழுமையாக வாசிக்கும் ஆர். பிரசன்னா போன்றோர் நம் காலத்தில் உளர். எனவே, கருவி எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், அதில் எவர் விரல் என்ன பேசுகின்றது என்பதே பெரிது.

நமக்கே உரிய கருவிக்கு நேர்ந்ததையும் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இருபத்தொரு நரம்புடைய பேரியாழ், பத்தொன்பது நரம்புடைய மகரயாழ், பதினான்கு நரம்புடைய சகோடயாழ், ஏழு நரம்புடைய செங்கோட்டியாழ் என்று நூல்கள் வகுத்துக் கூறும். கூறி என்? மீட்டுதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. மட்டக்களப்புக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் ஆண்டு பலவாக ஆராய்ந்து, அக்கருவிகளின் இயல்பை யாழ்நூலில் நிறுவினார். 1947 ஆம் ஆண்டு ஆனித் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. அடுத்த திங்களே அடிகளார் இறைவனடி சேர்ந்தார். யாழைப் பகைவர் எவரும் வந்து உடைக்கவில்லை. விரல்கள் அதனை விட்டு நீங்கின, அது மாய்ந்தது. போற்றுதலால் மட்டும் ஒரு கருவி வாழ்வதில்லை. அலுமாரியில் தூசி படிந்து கிடக்கும் வீணை, யாழ் சென்ற வழியிலேயே செல்லும். நாள்தோறும் ஒரு மாணவன் எடுத்து வாசிக்கும் கிற்றார், அவன் செவியைத் திறந்து, நாளை அவனை வீணையிடமும் கொண்டு சேர்க்கலாம். எங்கள் சங்கீத ஆசிரியை கிற்றாரைக் கேட்டு வீணையை மறந்தாரில்லை. வீணைக்குக் கிற்றார் செய்த வணக்கத்தையே அவர் அதிற் கேட்டார். ஆதலின், வீணையும் வருக; கிற்றாரும் வருக.

கற்பிப்போர் யாவர் எனின், அதற்கும் அன்றே விடை கிடைத்தது. நண்பர் வாசித்து முடித்ததும், சைக்கிளிற் சென்று கருவியைக் கொண்டுவந்த சிறுவன் அவர் அருகே வந்து நின்றான். பத்தாம் வகுப்பு மாணவன். வகுப்பில் அதிகம் வாய் திறவாதவன். "அண்ணை, அந்தத் தொடக்கத்தை எனக்கும் காட்டித் தருவீங்களோ?" என்றான். நண்பர் அவன் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். "நகத்தை வெட்டிப்போட்டுச் சனிக்கிழமை வாரும்" என்றார். அச்சனிக்கிழமை மூவர் சென்றனர். அடுத்த கிழமை எழுவர். ஒரே கருவியை எழுவரும் கை மாற்றிப் பழகுகின்றனர். அதுவும் மறுதலையாகத் தந்தி பூட்டிய கருவியாதலின், வலக்கைப் பிள்ளைகள் படும் பாடு சிறிதன்று. அன்பளிப்பாக வரும் கிற்றார்களுக்கு ஈண்டு ஆசிரியரும் உளர், மாணவரும் உளர் என்பதை விழாக் குழுவினர்க்கு இதனால் அறியத் தருகின்றோம்.

ஒன்று மட்டும் கூறி முடிப்போம். ஆனையிறவுக் காற்று உப்புக் காற்று. உப்பு விளைவதற்கு நல்லதாகிய அக்காற்று, உருக்குத் தந்திக்குக் கூற்றுவனாகும். வாசித்த பின் உலர்ந்த துணியாற் துடைத்துப் பெட்டியினுள் மூடி வைத்தாலும், பிற ஊர்களிற் பல மாதம் இருக்கும் தந்தி ஈண்டு சில கிழமைகளிற் துருவேறிவிடும். எனவே, கருவி தருவோரை வணங்குகின்றோம். ஆண்டுதோறும் தந்தி தருவோரை அதனினும் மிகுதியாக வேண்டுகின்றோம். பழைய மாணவர்கள் தம்மால் இயன்றதைத் தந்திக்கு எனக் குறித்துக் கல்லூரிக்கு அனுப்புவார்களாக. ஆறு தந்திகளுள் முதலில் அறுவது மிக மெல்லியதாகிய முதற்றந்தியே என்று நண்பர் கூறுகின்றார். அதனை மட்டும் சற்றுக் கூடுதலாக அனுப்புதல் நன்று.